போர்ட் 5432: பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் டீபீவர் உள்ளே விடவில்லை

மூதூர்_மாணவி | வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவதைக் கடைசி வருடப் புரொஜெக்டாக எடுத்திருக்கிறேன். அங்கத்தவர், படகு, ஒவ்வொரு நாளும் கரைக்கு வரும் மீன், நிறை, விலை, அவ்வளவுதான். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம் உள்ள லப்டொப்.

முதலில் போஸ்ட்கிரெஸ் 16 என்ற தரவுத்தள சர்வரை விண்டோஸ் இன்ஸ்டோலர் மூலம் போட்டேன். பிறகு எங்கள் குழுவில் மற்றவர்கள் அதை டொக்கரில், அதாவது புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியில், வைத்திருப்பதால் நானும் அவர்களின் கொம்போஸ் கோப்பை (கன்டெய்னரின் அமைப்புகளை எழுதிய கோப்பு) எடுத்து ஓட விட்டேன். தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் டீபீவரில் லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி), போர்ட் 5432, பயனர் போஸ்ட்கிரெஸ், கொம்போஸ் கோப்பில் உள்ள அதே பாஸ்வேர்ட் எல்லாம் கொடுத்தால் "பாஸ்வேர்ட் ஒத்தென்டிகேஷன் ஃபெயில்ட்" என்று வருகிறது. கோப்பில் பாஸ்வேர்டை மாற்றிக் கன்டெய்னரைத் திரும்ப ஓட்டினாலும் அதே பதில்தான். ஆனால் கன்டெய்னருக்குள் போய் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவியைத் திறந்தால் பாஸ்வேர்டே கேட்காமல் விடுகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

உவர்மலை | வெள்ளி, இரவு 9.47

தங்கச்சி, கொஞ்ச நேரத்துக்குப் பாஸ்வேர்டைத் தொடாமல் விடுங்கள். டீபீவர் எந்த சர்வரோடு கதைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

டீபீவர் தரவுத்தளம் இல்லை, அது வெறும் கிளையன்ட், சர்வரிடம் கேட்டு வாங்கிக் காட்டுவது. சர்வர் வேறொரு புரோகிராம். உங்கள் லப்டொப்பில் இப்போது இரண்டு போஸ்ட்கிரெஸ் சர்வர்கள் ஓடுகின்றன. விண்டோஸ் இன்ஸ்டோலர் போட்டது ஒரு சேவையாகப் பதிவாகி, கணினியைத் திறக்கும்போதே எழும்பி 5432 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வரும் வாசல் இலக்கத்தை, பிடித்துவிடும். கன்டெய்னரும் வெளியே அதே 5432ஐத்தான் கேட்கிறது. விண்டோஸில் பல நேரம் டொக்கர் இதற்கு ஒரு முறைப்பாடும் சொல்லாது, இரண்டும் ஒழுங்காக ஓடுவதாகவே காட்டும். நீங்கள் 5432ஐக் கூப்பிட்டதும் பதில் சொல்வது விண்டோஸ் சேவைதான். கொம்போஸ் கோப்பில் எழுதிய பாஸ்வேர்ட் அதற்கு எப்படித் தெரியும்?

கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. உள்ளிருந்து வரும் இணைப்பைப் பாஸ்வேர்ட் இல்லாமலே நம்பும்படிதான் அந்தப் படிமத்தை (கன்டெய்னர் உருவாகும் அச்சு) அமைத்திருக்கிறார்கள்.

கட்டளைச் சாளரத்தில் நெட்ஸ்டாட்டை -ஏஎன்ஓ தெரிவோடு ஓட்டி, 5432 உள்ள வரிகளைப் பாருங்கள். கடைசி நிரலில் (கொலம்) வரும் இலக்கத்தை டாஸ்க் மனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் தேடினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

நிலாவெளிக்காரன் | வெள்ளி, இரவு 10.20

ஒரு சங்கத்துப் பதிவேட்டுக்கு டொக்கர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஸாம்ப் தொகுப்பைப் போட்டால் அப்பாச்சி இணைய சர்வர், பிஎச்பி மொழி, மரியாடிபி தரவுத்தளம், அதைப் பார்க்கும் பிஎச்பிமைஅட்மின் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். நிலாவெளியில் விடுதிகளுக்கு அறைப் பதிவு செய்து கொடுக்கிறேன், எல்லாம் அதில் செய்ததுதான். போர்ட் 3306, பயனர் ரூட், பாஸ்வேர்ட் வெறுமை. பத்து நிமிட வேலை.

உவர்மலை | வெள்ளி, இரவு 10.41

பிஎச்பியில் செய்பவருக்கு ஸாம்ப் நல்ல வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெறுமையான பாஸ்வேர்டோடு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரைப் பழகிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். வீட்டில் எழுதிய அதே அமைப்புக் கோப்பு அப்படியே வாடிக்கையாளரின் கணினிக்குப் போய்விடுகிறது. ஸாம்பை உருவாக்கியவர்களே அது வீட்டில் வேலை செய்து பார்ப்பதற்குத்தான் என்று சொல்கிறார்கள்.

அதோடு மைஎஸ்கியூஎல், மரியாடிபி பக்கம் போகிறவர்கள் எழுத்துத் தொகுதியை (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்8எம்பி4 என்று கேட்டு வாங்குங்கள். அங்கே வெறுமனே யுடிஎஃப்8 என்று நீண்ட காலமாக அழைக்கப்பட்டது ஓர் எழுத்துக்கு 3 பைட் மட்டுமே கொடுக்கும். தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். யாராவது விமர்சனத்தில் ஒரு சிரித்த முகம் போட்டால் அதற்கு 4 பைட் வேண்டும், அந்த இடத்தில் பிழை விழும். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் யுடிஎஃப்8எம்பி4தான் இயல்பு, பழைய பதிப்பில் உருவாக்கிய அட்டவணைகளைத்தான் கவனிக்க வேண்டும்.

மூதூர்_மாணவி | வெள்ளி, இரவு 11.05

அண்ணா, நீங்கள் சொன்னதுதான். 5432இல் இரண்டு வரிகள். ஒன்று போஸ்ட்கிரெஸ்.எக்ஸ்இ, மற்றது டொக்கருடையது. எதை நிறுத்துவது?

உவர்மலை | வெள்ளி, இரவு 11.18

குழு டொக்கரில் இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சேவைகள் பட்டியலில் போஸ்ட்கிரெஸைத் தேடி, ஸ்டார்ட்அப் வகையை மனுவல் ஆக்கி நிறுத்திவிடுங்கள். இன்ஸ்டோலரை முழுதாக அழிக்க வேண்டாம். அதோடு வந்த பிஎஸ்கியூஎல், பிரதி எடுக்கும் பிஜிடம்ப் போன்ற கருவிகள் பின்னால் தேவைப்படும், அவை சேவை நின்றிருந்தாலும் வேலை செய்யும்.

ஆனாலும் கொம்போஸ் கோப்பில் போர்ட் வரியை 5433:5432 என்று மாற்றச் சொல்வேன். இடப்பக்க எண் உங்கள் லப்டொப்பில் தெரிவது, வலப்பக்க எண் கன்டெய்னருக்குள் இருப்பது. வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். டீபீவரில் 5433 கொடுங்கள். பின்னொரு நாள் யாராவது அந்தச் சேவையைத் திரும்ப ஓட விட்டாலும் குழப்பம் வராது.

இன்னொன்று. பாஸ்வேர்டை இடையில் மாற்றினேன் என்றீர்கள். போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட் என்ற அந்த மாறியை, தரவுக் கோப்புறை வெறுமையாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் படிமம் வாசிக்கும். அதன் பிறகு கோப்பில் எதை எழுதினாலும் சர்வருக்குள் பழைய பாஸ்வேர்ட்தான் இருக்கும். ஆகவே முதலில் எழுதியதைக் கொடுத்துப் பாருங்கள். மறந்திருந்தால் கன்டெய்னருக்குள் பிஎஸ்கியூஎல் திறந்து அங்கிருந்து மாற்றலாம்.

"டொக்கர் கொம்போஸ் டவுன்" கட்டளைக்குப் பின்னால் -வி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். அது வொல்யூமையே, அதாவது உங்கள் தரவையே அழித்துவிடும். சங்கத்தின் பதிவுகளை ஏற்றிய பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோணேசபுரி | சனி, காலை 7.30

படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எல்லா அதிகாரமும் உள்ள போஸ்ட்கிரெஸ் என்ற சுப்பர் பயனராகவே புரோகிராமை எழுதாதீர்கள். சங்கத்துக்கு என்று ஒரு பயனரை உருவாக்கி, தரவுத்தளத்தை உருவாக்கும்போதே அந்தப் பயனரை உரிமையாளராகக் கொடுங்கள். உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 15ஆம் பதிப்பு முதல் "பெர்மிஷன் டிநைட் ஃபோர் ஸ்கீமா பப்ளிக்" என்று நிற்கும், ஏனென்றால் அந்தப் பதிப்பிலிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் (அட்டவணைகள் இருக்கும் பொதுப் பகுதி) எல்லோரும் அட்டவணை உருவாக்க முடியாது. உரிமையாளருக்கு அந்தத் தடை இல்லை.

தம்பலகாமம் | சனி, காலை 8.15

8 ஜிபி லப்டொப்பில் டொக்கர் டெஸ்க்டொப், டீபீவர், பிரவுசர், எடிட்டர் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் மூச்சு முட்டும். சர்வர் இல்லாமலே எஸ்கியூலைட் போதாதா? ஒரே கோப்பு, டிபி பிரவுசரில் திறக்கலாம், பென் டிரைவில் சங்கத்துக்குக் கொண்டுபோகலாம். கரண்ட் போனாலும் பயமில்லை.

கோணேசபுரி | சனி, காலை 9.02

ஒரு கணினியில் ஒருவர் மட்டும் பதிவு செய்வதென்றால் எஸ்கியூலைட்டையே நானும் சொல்வேன். இங்கே நிறை பார்க்கிறவர் கரையில் போனில் பதிவார், பொருளாளர் அலுவலகத்தில் விலை போடுவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில் சர்வர் இருப்பது நல்லது.

கரண்ட் விஷயம் இரண்டுக்கும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் தன் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் முடிந்தது என்று சொல்லும். இடையில் மின்சாரம் போனால் திரும்ப எழும்பும்போது அந்தப் பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பற்றரி செத்த லப்டொப்களில் வேலை செய்த மாணவர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். வேகத்துக்காக எஃப்சிங்க்கை (எழுதியது வட்டில் போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் அமைப்பு) ஓஃப் செய்யச் சொல்லும் அறிவுரையை மட்டும் கேட்காதீர்கள். செய்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

மூதூர்_மாணவி | சனி, பிற்பகல் 2.26

5433இல் இணைந்துவிட்டது, முதலில் எழுதிய பாஸ்வேர்ட்தான் இருந்தது! தனிப் பயனரும் தரவுத்தளமும் மிஸ் சொன்னபடி செய்தாயிற்று. மிக்க நன்றி.

இப்போது அங்கத்தவர் பட்டியல். எக்ஸெலில் இருந்ததை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆக்கி, விண்டோஸ் பக்கத்து பிஎஸ்கியூஎல் மூலம் கொப்பி கட்டளையால் ஏற்றினால், "8டி என்ற பைட்டுக்கு வின்1252இலிருந்து யுடிஎஃப்8இல் இணை இல்லை" என்ற பொருளில் ஒரு பிழை. சிஎஸ்வி கோப்பை நோட்பேடில் திறந்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. தரவுத்தளமும் யுடிஎஃப்8தான். பிறகு எங்கே பிழை?

உவர்மலை | சனி, பிற்பகல் 3.10

கோப்பும் சரி, தரவுத்தளமும் சரி. இடையில் நிற்கும் பிஎஸ்கியூஎல்தான் "நான் அனுப்புவது வின்1252" என்று சர்வரிடம் சொல்லிவிட்டது. வின்1252 என்பது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய எழுத்துத் தொகுதி. ஆங்கில விண்டோஸில் அது கணினியின் மொழி அமைப்பைப் பார்த்துத் தானே எடுக்கும் முடிவு.

அந்த 8டி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் முழுக் கதையும் விளங்கும். யுடிஎஃப்8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி இ0, ஏஎஃப், 8டி என்ற மூன்று பைட்டாகப் (பதினாறின் அடிமான எண்கள்) போகிறது. வின்1252 அட்டவணையில் 8டி என்ற இடம் வெறுமை, அங்கே எழுத்தே இல்லை. ஆகவே முதல் மெய்யெழுத்து வந்த இடத்திலேயே சர்வர் நிறுத்திவிட்டது. நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. நிறுத்தாமல் ஏற்றியிருந்தால் எல்லாப் பெயரும் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாக உள்ளே போயிருக்கும், பல நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

பிஎஸ்கியூஎல்லுக்குள் கொப்பிக்கு முன்னால் கிளையன்ட்_என்கோடிங் மாறியை யுடிஎஃப்8 என்று அமையுங்கள். ஒவ்வொரு தடவையும் செய்யக் கஷ்டமென்றால் பிஜிகிளையன்ட்என்கோடிங் என்ற சூழல் மாறியை விண்டோஸிலேயே வைத்துவிடலாம். எக்ஸெலில் சேமிக்கும்போதும் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று தனியாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதைத் திரும்ப மீட்க முடியாது.

நிலாவெளிக்காரன் | சனி, மாலை 5.40

சங்கத்து எக்ஸெல் என்றால் பாமினி என்ற பழைய ஃபொண்டில் தட்டியதும் இருக்குமே, அதைப் பார்த்தீர்களா? எனக்குக் கிடைத்த பழைய பட்டியல்கள் எல்லாம் அப்படித்தான்.

மூதூர்_மாணவி | சனி, மாலை 6.15

ஆம் அண்ணா! ஒரு தாள் யுனிகோட், மற்ற இரண்டு தாள்கள் பாமினி. பாமினித் தாளில் ஃபொண்டை மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்தாக நிற்கிறது. மாற்றும் கருவியில் முழுத் தாளையும் போடவா?

நிலாவெளிக்காரன் | சனி, மாலை 6.38

முழுத் தாளையும் போடாதீர்கள். பெயர், விலாசம் போன்ற தமிழ் நிரல்களை மட்டும் மாற்றுங்கள். பழைய அடையாள அட்டை இலக்கம் 9 எண்களும் கடைசியில் ஆங்கில 'வி'யும். பாமினியில் பெரிய 'வி' தட்டினால் வருவது 'ஏ'. முழுத் தாளையும் மாற்றினால் அத்தனை பேரின் அடையாள அட்டையும் 'ஏ'யில் முடியும். படகுப் பதிவு இலக்கத்திலும் ஆங்கில எழுத்து இருக்கும், அதுவும் கெட்டுவிடும்.

கோணேசபுரி | சனி, இரவு 8.05

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். மாற்றிய பிறகு இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். யுனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகவே வரலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. "திருகோணமலை" கண்ணுக்கு 6 எழுத்து. போஸ்ட்கிரெஸிடம் நீளம் கேட்டால், ஓகாரக் குறி ஒன்றாக இருந்தால் 10 என்று சொல்லும், பிரிந்திருந்தால் 11. பொருளாளர் "திருகோணமலை" என்று தட்டித் தேடும்போது பிரிந்த வரிகள் வரவே மாட்டா. ஆள் பட்டியலில் இருப்பார், தேடினால் இருக்க மாட்டார்.

13ஆம் பதிப்பு முதல் நோர்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. ஏற்றியவுடன் பெயர் நிரல்களை அதன் வழியாக ஒரு தடவை ஓட்டி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், புரோகிராமில் புதுப் பெயர் சேர்க்கும் இடத்திலும் அதையே வையுங்கள். பெயருக்கு 20 எழுத்து எல்லை வைக்கலாம் என்று நினைத்தால், மேலே சொன்ன 6க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வைத்து எல்லையைத் தாராளமாக வையுங்கள்.

மூதூர்_மாணவி | ஞாயிறு, காலை 10.50

பெயர்கள் எல்லாம் ஏறிவிட்டன. நோர்மலைஸ் செய்த பிறகு, முன்பு தேடலில் வராமல் நின்ற ஆட்கள் வருகிறார்கள். ஊர் வாரியாக வரிசைப்படுத்தினால் கந்தளாய், கன்னியா, கப்பல்துறை என்று வருகிறது. கப்பல்துறை கன்னியாவுக்கு முன்னால் வர வேண்டாமா? படிமம் ஆல்பைன் லினக்ஸில் செய்தது, சிறியது என்று எடுத்தோம்.

கோணேசபுரி | ஞாயிறு, காலை 11.20

வர வேண்டும். ஆல்பைன் படிமத்தில் இயல்பு வரிசை யுனிகோட் எண்ணைப் பார்த்துத்தான் நடக்கும். யுனிகோடில் ந, ன, ப என்று அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள், நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். வரிசைப்படுத்தும் இடத்தில் கொலேட் (வரிசை ஒழுங்கைக் குறிக்கும்) சொல்லோடு "டிஏ-எக்ஸ்-ஐசியூ" என்று கொடுங்கள். தமிழ் அகராதி ஒழுங்கு கிடைக்கும். 15ஆம் பதிப்பு முதல் ஆல்பைன் படிமத்திலும் இது இருப்பதால் படிமத்தை மாற்ற வேண்டியதில்லை. ஊர், பெயர் நிரல்களுக்கு அட்டவணையிலேயே இந்தக் கொலேஷனைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு வினவலிலும் எழுத வேண்டாம்.

மூதூர்_மாணவி | செவ்வாய், காலை 6.40

சரியாக வந்துவிட்டது மிஸ். ஒரு புதுப் பிரச்சினை. இன்று விடிய 4 மணிக்குக் கரைக்கு வந்த படகின் சூடை, கீரி மீன்களைப் போனில் பதிந்தோம். திகதி நேற்றையதாக விழுந்திருக்கிறது. அதே நேரம் டீபீவரில் இன்றைய திகதி என்ன என்று கேட்டேன், சரியாகச் சொன்னது. புரோகிராம் பைதனில் எழுதியது, திகதியை சர்வரே கரன்ட்_டேட் மூலம் போடுகிறது.

உவர்மலை | செவ்வாய், காலை 7.25

கன்டெய்னர் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இங்கே அதிகாலை 4 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 10.30. எங்கள் நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், விடிய 5.30க்கு முன் வரும் ஒவ்வொரு படகும் உங்கள் கணக்கில் நேற்றுத்தான் வரும். மீன்கணக்குக்கு இதைவிடக் கெட்ட நேரம் இல்லை.

டீபீவர் சரியாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. அது ஜாவாவில் எழுதியது. அதன் இணைப்பு டிரைவர் உங்கள் லப்டொப்பின் நேர மண்டலத்தை இணையும்போதே சர்வருக்குச் சொல்லிவிடும். பைதன் பக்கம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, சர்வரின் யுடிசியே மிஞ்சியது. ஆகவே கிளையன்டில் பார்த்தது சரி என்று நம்பி விட்டுவிடாதீர்கள். புரோகிராம் எந்த இணைப்பால் போகிறதோ அதிலேயே கேட்டுப் பாருங்கள்.

ஓல்டர் டேட்டாபேஸ் கட்டளையால் அந்தத் தரவுத்தளத்தின் டைம்ஸோனை "ஆசியா/கொழும்பு" என்று அமையுங்கள். புது இணைப்புகளுக்குத்தான் அது செல்லும், புரோகிராமை நிறுத்தி ஓட்டுங்கள். +5.30 என்று எண்ணாக எழுத வேண்டாம். 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது. சங்கத்தின் பழைய கொப்பிகளில் (குறிப்பேடுகள்) உள்ளதை ஏற்றும்போது மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த வருடங்களுக்கான வித்தியாசத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நேரம் பதியும் நிரல் டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன் வகையாக இருக்கட்டும்.

மூதூர்_மாணவி | புதன், காலை 6.15

இன்று விடியப் பதிந்தவை எல்லாம் இன்றைய திகதியில் விழுந்தன. நேற்றைய வரிகளையும் பொருளாளரோடு இருந்து திருத்திவிட்டேன். இனிப் பிரதி எடுப்பதுதான் மிச்சம். டீபீவரில் எக்ஸ்போர்ட் செய்தால் போதுமா?

உவர்மலை | புதன், காலை 8.00

அட்டவணையை சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் செய்தால் தரவு மட்டும்தான் வரும், கொலேஷன், உறவு, உரிமை எதுவும் வராது. விண்டோஸ் இன்ஸ்டோலரோடு வந்த பிஜிடம்பை 5433க்குக் காட்டி, கஸ்டம் வடிவத்தில் எடுங்கள். பிஜிடம்ப் பதிப்பு சர்வரைவிடப் பழையதாக இருந்தால் எடுக்கவே மறுத்துவிடும். உங்களிடம் இரண்டும் 16, அதனால் பிரச்சினை இல்லை. குழுவில் யாராவது கன்டெய்னரை 17க்கு ஏற்றினால் கருவியையும் ஏற்ற வேண்டும்.

எடுத்த கோப்பை வெறுமையான தரவுத்தளம் ஒன்றில் பிஜிரெஸ்டோர் மூலம் திரும்ப ஏற்றி, அங்கத்தவர் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண் ஒத்துப்போன பிறகு கொப்பியைச் சங்கத்தின் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வையுங்கள். பென் டிரைவ் பொருளாளரிடம் இருக்கட்டும்.